சர்வேயர் வரும்வரை கை வைக்காதே

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மி பறக்கவில்லை. கொல்லையில் நின்ற முருங்கை மரம் கூரை ஷீட்டைப் பொத்துக்கொண்டு அடுப்படிக்குள் வந்துவிட்டது.

தேவாரத்தில் இருக்கும் அந்த வீடு என் மனைவி தேவயானி பேரில். இன்சூரன்ஸும் அவள் பேரில்தான். ஆனால் மூளை என்னுடையது அல்லவா? உடனே கம்பெனிக்குப் போன் போட்டேன். பாலிசித் தாளை வரி விடாமல் படித்தேன். வீட்டில் சட்டம் போட்டேன்.

"கம்பெனி சர்வேயர் வந்து சேதத்தைப் பாக்குற வரைக்கும் அடுப்படியில ஒரு துரும்பை அசைக்கக் கூடாது. அசைச்சா கிளைம் போச்சு!"

"அப்பச் சோறு?"

"கொல்லையில மூணு கல்லைக் கூட்டிப் பொங்கு."

"புகை எனக்கு ஆகாதுங்க. நீங்க போட்ட சட்டம், நீங்களே பொங்குங்க. அவுக எப்ப வருவாக?"

"மூணு நாளைக்குள்ள ஆள் அனுப்பணும். பதினஞ்சு நாளைக்குள்ள பதில் சொல்லணும். அது அவுக கடமை. தாள்லயே போட்டிருக்கு!"

"பதினஞ்சு நாளா?" என்றாள். முகத்தில் வருத்தமே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விடிந்தால் ஊதுகுழல், கடை விட்டு வந்தால் ஊதுகுழல். என் கண் சிவந்தது, ரசம் கறுத்தது. ஏலக்காய்க் கடையில் வேலை பார்ப்பவன் மேல் விறகுப் புகை நாற்றம்! அவளோ வாசலில் கட்டிலைப் போட்டுச் சாய்ந்துகொண்டு, "உப்புக் கூடிப்போச்சுங்க" என்று தீர்ப்புச் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் பொறுமை போயிற்று. தேனி ஆபீசுக்கே போய் மேசையைத் தட்டினேன்.

"கடமை தெரியாத கம்பெனி! பன்னெண்டு நாளா ஒரு ஆள் எட்டிப் பாக்கல!"

அங்கே இருந்த ஜெபஷீலா மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ரெண்டாம் நாளே சர்வேயர் வந்துட்டாரே சார். நீங்க கடைக்குப் போயிருந்தீகளாம். மரத்தை எடுத்துட்டு அடுப்படியைச் சுத்தம் பண்ணிக்கலாம்னு அன்னைக்கே சொல்லிட்டாரு. கிளைமும் பாஸ் ஆயிருச்சு. உங்க வீட்டம்மாவுக்கு மெசேஜ் போயிருக்கு."

போட்டோவையும் காட்டினார். முருங்கைக் கொப்புக்குப் பக்கத்தில் தேவயானி சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

பஸ்ஸில் வழியெல்லாம் பல்லைக் கடித்தேன். வீட்டு வாசலிலேயே கத்தினேன்.

"ஏண்டி, சர்வேயர் வந்துட்டுப் போனதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவள் கட்டிலை விட்டு அசையவில்லை.

"பதினஞ்சு நாளைக்குள்ள பதில் சொன்னாப் போதும்னு நீங்கதான சொன்னீக? இன்னும் மூணு நாள் கிடக்கு. போயி அடுப்பைப் பத்த வையிங்க."