ஐந்து தடவை நின்ற கிரேன்

இரண்டு டன் இரும்புத் தகடு தரையிலிருந்து எட்டடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை.

தட்சிணாமூர்த்தி கையிலிருந்த மஞ்சள் ரிமோட்டைப் பார்த்தார். பச்சை விளக்கு அணைந்து சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. கிரேனோடு தொடர்பு இல்லை என்று அர்த்தம்.

"இன்னா சார், புதுப்பொண்ணு அதுக்குள்ள கோச்சிக்கிச்சா?" என்றார் ரத்தினம்.

"ஏழாவது விதி!" என்று அதட்டினார் தட்சிணாமூர்த்தி. "ரிமோட் கையில இருக்கிறப்போ ஆபரேட்டர்கிட்ட யாரும் பேசக்கூடாது."

"அதான் நின்னு போச்சே சார்?"

"நின்னாலும் ரிமோட் என் கையிலதான இருக்கு?"

பெருங்களத்தூரில் சாம்பசிவனுக்குச் சொந்தமான இரும்பு வேலை ஷெட் அது. பராமரிப்பு முழுவதும் தட்சிணாமூர்த்தியின் பொறுப்பு. கூரைக்குக் கீழே இரண்டு தண்டவாளங்களில் ஓடும் ஐந்து டன் கிரேனை நேற்றுவரை வயரில் தொங்கும் பட்டன் பெட்டியை வைத்துத்தான் ஓட்டினார்கள். வயர் குட்டை. அதனால் ஓட்டுகிறவர் சுமைக்குப் பக்கத்திலேயே நடக்கவேண்டும். போன வருஷம் ஒரு தகடு ஊசலாடி வந்து, ஓட்டிக்கொண்டிருந்த ரத்தினத்தின் இடது காலில் மோதியது. மூன்று விரல்கள் முறிந்தன. இன்றைக்கும் அவர் படியேறும்போது வலது காலைத்தான் முதலில் வைப்பார்.

அன்றிலிருந்து எட்டு மாதம் முதலாளியை விடாமல் நச்சரித்து இந்த ரிமோட்டை வாங்க வைத்தவர் தட்சிணாமூர்த்தி. முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"மூணு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு அந்த மேடம் வர்றாங்க மூர்த்தி. ஒரே தடவையில பாஸ் ஆகணும். இல்லேன்னா பழைய வயரையே மாட்டிடு. அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

"பாஸ் ஆகாம எங்க சார் போகும்?" என்றிருந்தார் தட்சிணாமூர்த்தி.

வீண் நம்பிக்கை இல்லை அது. ரிமோட்டை மாட்டியதோடு அவர் விட்டுவிடவில்லை. பன்னிரண்டு விதிகளைப் பெரிய போர்டில் எழுதி மாட்டினார். சுமைக்கு அடியில் போகக்கூடாது, கிரேனை அவசரமாக நிறுத்தத் தூண்களில் உள்ள சிவப்பு பட்டன்களை மறைத்துப் பொருள் வைக்கக்கூடாது, ரிமோட்டைக் கீழே வைத்தால் சாவியை உருவிவிட வேண்டும் என்று நீண்டது பட்டியல். நேற்று வேலையை நிறுத்தி எல்லோருக்கும் இரண்டு மணி நேரம் வகுப்பு வேறு எடுத்தார்.

"ரிமோட் சும்மா இருக்கிறதா நினைக்காதீங்க. 'நான் இருக்கேன், நான் இருக்கேன்'னு நொடிக்குப் பல தடவை சொல்லிக்கிட்டே இருக்கும். மேல கிரேன்ல ஒரு ரிசீவர் அதைக் கேட்டுக்கிட்டே இருக்கும். கொஞ்ச நேரம் சத்தம் வரலேன்னா கிரேனை நிறுத்திடும். சந்தேகம் வந்தா நிக்கணும். அதுதான் நல்ல மெஷின்."

"கரன்ட் பூட்ச்சின்னா தகடு நம்ம தலையில வுழாதா சார்?" என்று கேட்டார் எல்லம்மா. ஷெட்டைப் பெருக்கித் துடைப்பவர்.

தட்சிணாமூர்த்திக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "கேட்டாங்க பாருங்க, இதுதான் கேள்வி! பிரேக்கைப் பிடிக்கிறது கரன்ட் இல்ல, ஸ்பிரிங். கரன்ட் அதைத் தளர்த்தி விடத்தான். கரன்ட் போச்சுன்னா ஸ்பிரிங் இறுக்கிக்கும். சுமை அப்படியே நிக்கும்."

வகுப்பில் கேள்வி கேட்டது எல்லம்மா ஒருவர்தான். கடைசியில் பன்னிரண்டு விதிகளையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்ததும் அவர்தான். வெல்டர்கள் ஒன்பதோடு நின்றுவிட்டார்கள்.

இப்போது அந்த நல்ல மெஷின் நின்றுகொண்டிருந்தது.

"பேட்டரி" என்று தீர்ப்புச் சொன்ன தட்சிணாமூர்த்தி மேஜைக்குப் போய் மாற்றுப் பேட்டரியைப் போட்டார். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். ஹாரன் அடித்தது. பச்சை எரிந்தது. தகடு சமர்த்தாக மேலே ஏறியது.

"பாத்தியா?" என்று ரத்தினத்தைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டார்.

புதுப் பேட்டரியில் எத்தனை கோடு இருக்கிறது என்று பார்க்க நினைத்தார். கூரையில் வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட் வழியாக வெயில் விழுந்து ரிமோட்டின் திரை பளபளத்தது. ஒன்றும் தெரியவில்லை. நாலடி நகர்ந்து நிழலுக்குப் போனார். ஐந்து கோடுகளும் முழுசாக இருந்தன.

டக்.

பச்சை அணைந்தது. சிவப்பு சிமிட்டியது.

"ரெண்டு" என்று எண்ணினார் ரத்தினம்.

தட்சிணாமூர்த்தி மேஜைக்குத் திரும்பி வந்து, இடுப்பில் கைவைத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார். ரிசீவரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மேல கரன்ட் இருக்கு. கீழ பேட்டரி இருக்கு. அப்போ நடுவுல இருக்கிற காத்துலதான் கோளாறு" என்றார். "யார் யார்கிட்ட போன் இருக்கு?"

ஒரு காலி பெயின்ட் டின் வந்தது. இருபத்து மூன்று போன்கள் அணைக்கப்பட்டு அதில் விழுந்தன.

"அண்ணா, பன்னெண்டு மணிக்கு என் பொண்டாட்டி போன் பண்ணுவா" என்றான் ஒரு வெல்டர்.

"பண்ணட்டும். இன்னிக்குக் கிரேன்தான் முக்கியம்."

"அத அவகிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணா."

கடைசியாக முதலாளியின் இரண்டு போன்களும் டின்னுக்குள் போயின. சாம்பசிவன் குழந்தையைப் பள்ளியில் விட்டவர் மாதிரி டின்னையே பார்த்துக்கொண்டு நின்றார். டின்னை ஆபீஸ் அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

கிரேன் மறுபடி ஓடியது. தகடு நேராகப் பத்தடி நகர்ந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். சிக்னல் எப்படி இருக்கிறது என்று பார்க்க தட்சிணாமூர்த்தி நிழலுக்கு நகர்ந்தார்.

டக்.

"மூணு."

"ரத்தினம், ஏழாவது விதி!"

"நான் உங்ககிட்ட பேசல சார். எண்ணிக்கினு கீறேன்."

மேஜையருகே வந்து ஸ்டார்ட்டை அழுத்தியதும் கிரேன் உயிர்பெற்றது. விதிப்படி தகட்டைத் தரையில் இறக்கினார். அது பூப்போல இறங்கியது.

"எறக்கறதுக்கு மட்டும் சொன்ன பேச்சு கேக்குது பாரு" என்றார் ரத்தினம்.

அடுத்தது ஆன்டெனா. கிரேனின் இரும்பு உத்தரமே அலையை மறைக்கிறது என்று முடிவு செய்தார் தட்சிணாமூர்த்தி. மெயின் சுவிட்சை அணைத்து அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேலே ஒருவர் வேலை செய்யும்போது கீழே இன்னொருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. இடுப்பில் பெல்ட் கட்டி மேலே ஏறினார். ஆன்டெனாவைக் கழற்றி உத்தரத்துக்குக் கீழே, தடையில்லாத இடத்தில் மாட்டினார். அழகான வேலை. ஆனால் முக்கால் மணி நேரம் ஆனது.

அதற்குள் தகடுகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்து வாசலில் நின்றுவிட்டது. கிரேன் இல்லாமல் சரக்கை இறக்க முடியாது. தெருவோ குறுகல். லாரிக்குப் பின்னால் ஒரு ஸ்கூல் வேன், அதற்குப் பின்னால் ஷேர் ஆட்டோக்கள், தண்ணி லாரி என்று வரிசை ஜி.எஸ்.டி. ரோடு திருப்பம்வரை போனது.

"யோவ், மேல குந்திகினு காக்கா ஓட்றியா?" என்று லாரி டிரைவர் கீழேயிருந்து கத்தினார். "எறக்குய்யா சரக்க!"

தட்சிணாமூர்த்தி நிதானமாக இறங்கி, பூட்டைத் திறந்து, கிரேனை ஓட்டினார். சோதனைத் தகடு மேலே எழுந்தது. ரிமோட்டைப் பார்த்தபடி நாலடி நடந்தார்.

டக்.

ரத்தினம் இந்த முறை எண்ணவில்லை. நான்கு விரல்களை மட்டும் காட்டினார். அது எந்த விதியிலும் வரவில்லை.

"மூர்த்தி" என்றார் சாம்பசிவன். "உன் பன்னெண்டு விதியையும் நான் ஒத்துக்கிட்டேன். பதிமூணாவது ஒண்ணு நீ எழுதல. புது மெஷின் வந்தா திருஷ்டி சுத்தணும். நேத்து ரத்தினம் எலுமிச்சம்பழம் வைக்கிறேன்னான். தண்டவாளத்துல சக்கரம் வழுக்கும்னு நீதான் தடுத்த."

"வழுக்கத்தான சார் செய்யும்?"

"இப்ப ஓடவே இல்லியேப்பா!"

பூசணிக்காய் வந்தது. நடுவில் குங்குமத்தண்ணீர் ஊற்றி, கற்பூரம் ஏற்றி, கிரேனைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றி முதலாளியே ஓங்கி உடைத்தார். காய் நாலாபக்கமும் சிதறியது. நடைபாதை முழுக்கச் சிவப்பாக வழிந்தது. அதில் முதலில் வழுக்கி உட்கார்ந்தவரும் முதலாளிதான்.

"எல்லம்மாவைக் கூப்பிடு! உடனே பெருக்கச் சொல்லு!" என்று தரையிலிருந்தே கத்தினார்.

"கூப்ட்டேன் சார்" என்றார் ரத்தினம். "தூண வுட்டு வரமாட்டேங்குது. தலைய தலைய ஆட்டுது. வாயத் தொறக்கல."

"காலையிலேர்ந்தே அந்தத் தூணைத்தான் துடைக்கிறாங்களா?" என்றார் தட்சிணாமூர்த்தி.

அந்த நேரத்தில்தான் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். தரையில் சிவப்பு வெள்ளம், அதன் நடுவே முதலாளி, அவரைத் தூக்கிக்கொண்டிருக்கும் இரண்டு வெல்டர்கள்.

"யாருக்கு அடி?" என்று பதறினார். கிரேனுக்குச் சான்றிதழ் தர வந்திருந்த ஆய்வாளர் கிறிஸ்டினா.

"யாருக்கும் இல்ல மேடம். பூசணிக்காய்" என்றார் தட்சிணாமூர்த்தி. "நீங்க மூணு மணிக்குன்னுதான…"

"பன்னெண்டுக்கே வர்றேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்களுக்கு ஆறு தடவை, சாருக்கு நாலு தடவை. எல்லாம் சுவிட்ச்டு ஆஃப். வண்டிய திருப்பத்துலயே விட்டுட்டு நடந்து வர்றேன், தெரு முழுக்க ஜாம். ஆரம்பிக்கலாமா?"

தட்சிணாமூர்த்தி ஒருமுறை ரத்தினத்தின் இடது காலைப் பார்த்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"ஆரம்பிக்கலாம் மேடம்."

வெளியே ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன. உள்ளே தட்சிணாமூர்த்தி தொங்கிய தகட்டை நிதானமாகத் தரையில் இறக்கினார். சங்கிலிகளைச் சரிபார்த்தார். தகட்டை முதலில் அரையடி மட்டும் தூக்கி நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா என்று காட்டினார். பிறகு எட்டடி தூக்கினார். வலம், இடம், முன், பின். சொன்ன இடத்தில் நின்றது. கிறிஸ்டினா ஒவ்வொன்றாக டிக் செய்துகொண்டே வந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். பேட்டரி எவ்வளவு காட்டுது?"

"இதோ பாத்து சொல்றேன் மேடம்."

திரை வெயிலில் பளபளத்தது. தட்சிணாமூர்த்தி நாலடி நகர்ந்தார். தகட்டின் நிழல் குளிர்ச்சியாக அவர்மேல் விழுந்தது. திரை பளிச்சென்று தெரிந்தது.

டக்.

முதலாளி கண்களை மூடிக்கொண்டார்.

"சார், முதல்ல நீங்க இப்படி வாங்க" என்றார் கிறிஸ்டினா. குரலில் கொஞ்சம் அவசரம் இருந்தது.

தட்சிணாமூர்த்தி தலைகுனிந்து வெளியே வந்தார். ரிமோட்டின் சாவியை உருவினார். இரண்டையும் மேஜைமேல் வைத்தார். எட்டு மாதம் பேசிய வாய்க்கு இப்போது ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சம் இருந்தது.

"ரத்தினம்… அந்தப் பழைய வயரை எடுத்துட்டு வா."

ரத்தினம் அசையவில்லை. காலைமுதல் கேலி பேசிய மனிதர் மேஜைமேலிருந்த ரிமோட்டைத் தட்சிணாமூர்த்தி பக்கம் நகர்த்தினார். "வாணாம் சார். இன்னொருக்கா பாக்கலாம் சார்."

"வயர் எதுக்கு?" என்றார் கிறிஸ்டினா, எழுதுவதை நிறுத்தாமல். "கிரேன் பாஸ். ரிமோட்டும் பாஸ்."

"மேடம், உங்க கண்ணு முன்னாடியே நின்னுதே! காலையிலேர்ந்து அஞ்சு தடவை!"

"நிக்கவேண்டிய நேரத்துல நின்னிருக்கு. இந்த ஷெட்ல உங்க விதியை முழுசா படிச்ச ஆள் ஒருத்தர் இருக்காங்க சார்." பேனாவால் மூன்றாவது தூணைக் காட்டினார்.

எல்லோரும் திரும்பினார்கள். தூணருகே எல்லம்மா நின்றிருந்தார். அக்குளில் துடைப்பம். வலது உள்ளங்கை சிவப்பு பட்டன்மேல். தட்சிணாமூர்த்தி நின்ற இடத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, பட்டனைத் திருகி விட்டார். மேலே ரிசீவரில் பச்சை விளக்கு எரிந்தது. பிறகு ரிமோட் மேஜைமேல்தான் இருக்கிறது, யார் கையிலும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, காலையிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"தொங்கற சாமானுக்கு அடில எவன் வந்தாலும் சேப்பு பட்டன அமுக்கு, அவன் வெளிய போனப்புறம் திருகி வுடுன்னு நீதான சார் சொன்ன? அஞ்சு தபா அமுக்கினேன், அஞ்சு தபாவும் நீயேதான் சார் வந்துகினு கீற!"