மாமியின் தவக்காலமும் தடியில் குத்திய உருளைக்கிழங்கும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் மருமகன்மாருக்குக் கிடையாது. அதிலும் வெளிநாட்டு மருமகன் என்றால், ஊரிலிருந்து மாமி வந்து நிற்கும்போது அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டி வராது.

நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரன். மனைவி ஜெசிந்தா மன்னார்க் கத்தோலிக்கப் பெண். எங்கள் கல்யாணத்துக்கு மாமி வந்தார், படத்துக்கும் நின்றார், ஆனால் சிரிக்கவில்லை. (படத்தைப் பார்க்கிற சிலர் இது ஆரின்ரை செத்தவீடு என்று கேட்டிருக்கிறார்கள்.) அதற்குப் பிறகு என்னுடன் அவர் நேரே கதைத்ததேயில்லை. இங்கே செவன் ஹில்ஸ் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோதும், நான் எதிர்க் கதிரையில் இருக்க, "பிள்ளை, அவருக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேள்" என்பார். நான் "ஓம்" என்பேன். ஜெசிந்தா தாயின் பக்கம் திரும்பி, "ஓமாம்" என்பாள்.

எப்படியாவது இந்த மனுசியிடமிருந்து ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்றுதான் எல்லோரையும் ஈஸ்டர் காலத்துக் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆடு, மாடு, ராட்டினம், பார்க்கும் பக்கமெல்லாம் தீனிக்கடை. ஒரேயொரு சிக்கல், அது தவக்காலம். ஈஸ்டர் வரும்வரை மாமி மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார்.

"அங்க அம்மா சாப்பிட என்னப்பா இருக்கும்?" என்று ஜெசிந்தா வெளிக்கிடும்போதே கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை தவறாமல் சைவம் காத்த குடும்பத்தில பிறந்தனான். எனக்கே சைவம் படிப்பிக்கிறியோ?" என்றேன். (வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் சிநேகிதன் வீட்டில் நான் என்ன சாப்பிட்டேன் என்பது இங்கே வேண்டாம்.)

மத்தியானம் ஆட்டுக்குட்டி பார்க்க மகள் அடம்பிடித்தாள். ஜெசிந்தா அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். உட்காரப் போட்டிருந்த மர வாங்கில் நானும் மாமியும் மட்டும், மொழிபெயர்க்க ஆளில்லாமல். இருவரும் வெகுநேரம் ஒரே குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமிக்குப் பசி என்பது முகத்தில் தெரிந்தது. எழும்பினேன்.

ஒரு கடையில் உருளைக்கிழங்கைச் சுருள் சுருளாக வெட்டி, தடியில் குத்திப் பொரித்து விற்றார்கள். வரிசை நீளம். பக்கத்துக் கடையிலும் தடிதான், ஆனால் அதில் மாவில் தோய்த்துப் பொன்னிறமாகப் பொரித்த நீளமான ஒரு சாமான். வரிசையில் இரண்டு பேர்தான். இதுவும் உருளைக்கிழங்குதான், இது போர்வை போர்த்தியிருக்கிறது என்று முடிவுகட்டினேன். கடைக்காரப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் மாமி பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு காலம் இந்த நாட்டில் குப்பை கொட்டிவிட்டு, மாமி பார்க்க "இது என்ன?" என்று கேட்பதா?

இரண்டு வாங்கினேன், ஒன்று மாமிக்கு, ஒன்று மகளுக்கு.

"உருளைக்கிழங்கு" என்று நீட்டினேன்.

மாமி சிலுவை அடையாளம் போட்டுவிட்டு ஒரு கடி கடித்தார். வாய் அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பரீட்சை மறுமொழிக்குக் காத்திருக்கும் பெடியன் மாதிரிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். மாமி சப்பத் தொடங்கினார். மெதுவாக, கண்ணை மூடி, கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டு முடித்தார். எனக்கு அந்த மைதானத்தையே விலைக்கு வாங்கிவிட்ட பெருமை.

"இன்னொண்டு வாங்கட்டோ?"

வேண்டாம் என்று அவசரமாகத் தலையாட்டினார்.

அப்போது ஜெசிந்தாவும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மகள் தன்னுடையதை வாங்கி ஒரு கடி கடித்தாள். "யம், சொசேஜ்" என்றாள்.

கடித்த இடத்தில் இளஞ்சிவப்பு இறைச்சியாக அது என்னைப் பார்த்தது. ஜெசிந்தா மாமியின் கையிலிருந்த வெறும் தடியைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கும் இதையோ குடுத்தனீங்கள்?"

ஒரு வார்த்தை வாங்க வந்து, மனுசியின் விரதத்தையே முறித்துவிட்டேன். இனி ஏழு பிறப்புக்கும் அவர் என்னோடு கதைக்கப் போவதில்லை.

"அவரை ஏசாத, பிள்ளை. எனக்கு முதல் கடியிலேயே தெரியும்" என்றார் மாமி. பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கள் அவ்வளவு ஆசையாய்ப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். துப்ப மனம் வரேல்ல. ஆண்டவரிட்டச் சொன்னா அவருக்கு விளங்கும். உங்களுக்குத்தான் விளங்கப்படுத்த ஏலாது."

தம்பி என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தக்காளி சோஸ் பட்டுவிட்டது என்று சமாளித்தேன், ஒருவரும் நம்பவில்லை.

அடுத்த நாள், விரதம் முறிந்த பாவத்தைச் சுவாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நான்தான் மாமியைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். உள்ளே சுவாமியார் சிரித்த சத்தம் கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது.

"என்ன சொன்னவர், மாமி?"

"ருசியோ எண்டு கேட்டவர்."

"நீங்கள்?"

"கோயிலுக்குள்ள பொய் சொல்லலாமோ, தம்பி?"

எங்கள் வீட்டில் இப்போது சொசேஜுக்குப் பெயரே உருளைக்கிழங்குதான். மாமி ஊருக்குப் போய்விட்டார். ஒவ்வொரு தவக்காலமும் மன்னாரிலிருந்து போன் வரும். ஜெசிந்தா பழக்கதோஷத்தில், "அவரிட்ட என்னம்மா சொல்ல?" என்று கேட்பாள்.

"நீ ஒண்டும் சொல்ல வேண்டாம். போனை அவரிட்டக் குடு."