மூன்று வழிகளும் ஒரு ரயிலும்

எந்தப் பிளக்கையும் சுவரில் சொருகுமுன் அதன் கால்களை மூன்று தரம் ஊதி, சாரத் தலைப்பால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் ஊதுகிறவரைக் கண்டிருப்பீர்கள். அவர்தான் "இதுக்கு மூண்டு வழி இருக்கு" என்கிற இனம்.

ஸ்கந்தபுரத்தில் அந்த இனத்துக்குப் பிரதிநிதி விஜிதரன். பக்கத்து வீட்டுச் சுதர்சினியின் மகள் லக்சிகாவுக்குக் கனடாவிலிருந்து மாமா நிஷாந்தன் அனுப்பிய விளையாட்டு ரயில் அன்றைக்குத்தான் வந்தது. எங்கள் நேரம் மாலை ஐந்தரைக்கு மாமா அங்கே வேலைக்குப் போய்விடுவார். அதற்குள் அது ஓடுவதை அவர் ஃபோனில் பார்த்தாக வேண்டும். தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டியாயிற்று. மணி ஐந்து. விஜிதரன் வந்தார்.

"தங்கச்சி, கரண்ட் குடுக்க மூண்டு வழி இருக்கு." கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒன்று, குமிழைத் திருகத் திருகத் தண்டவாளத்தில் வோல்ற்று கூடும், ரயில் விரையும். இரண்டு, தண்டவாளத்தில் எப்போதும் முழுக் கரண்ட், எஞ்சினுக்குள் இருக்கிற சிப் தனக்கு வரும் கட்டளைக்கு மட்டும் பணியும். மூன்று, எஞ்சினின் வயிற்றிலேயே பற்றரி, கையில் றிமோட்.

"எங்களிட்ட இருக்கிறது எது அண்ணை?" என்றாள் சுதர்சினி.

"அதுக்குப் பிறகு வருவம்."

பெட்டிக்குள் இருந்ததோ குமிழ் வைத்த கொன்ட்ரோலர் ஒன்றே ஒன்று. அதை அவரிடம் யார் சொல்வது?

"அம்மா, மாமா போகப்போறார்!" என்றாள் லக்சிகா.

ஐந்து இருபதுக்கு விஜிதரன் எழுந்தார். பிளக்கின் தட்டைக் கால்களுக்கு அடப்டர் பூட்டி, சுவரின் மேல்துளையில் பேனையைக் குத்தி மற்றத் துளைகளின் மூடியைத் திறந்து, ஊதி, சொருகினார். டப்! கொன்ட்ரோலரிலிருந்து கருகல் மணம். கனடாவில் நூற்றிருபது வோல்ற்று, எங்கள் சுவரில் இருநூற்று முப்பது. மூன்று வழியும் தெரிந்தவருக்கு அது மட்டும் ஞாபகம் வரவில்லை.

லக்சிகாவின் உதடு பிதுங்கியது. சுதர்சினி வெளியே ஓடினாள். முற்றத்தில் நின்ற ஸ்கூட்டியின் பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரியைக் கழற்றி வந்து, இரண்டு வயரைத் தண்டவாளத்தில் வைத்தாள். ரயில் பறந்தது.

"ஓடுது மாமா!"

"ஓமடி செல்லம், ஓடுது!"

"வேகத்தைக் கட்டுப்படுத்த ஏலாதே, தங்கச்சி," என்று முகம் சுளித்த விஜிதரன், சற்றுப் பொறுத்து, "நான் சொல்ல வந்த நாலாவது வழி இதுதான்," என்றார்.

சிரிக்கிறீர்களா? முதலில் உங்கள் வீட்டில் திருத்தக் காத்திருக்கிற சாமான்களை எண்ணிப் பாருங்கள். விஜிதரன் வீட்டு மின்விசிறி மூன்று வருடமாக முழு வேகத்தில் மட்டுமே சுழல்கிறது என்பதை அவருடைய மனைவி சொல்லித்தான் சுதர்சினி பிறகு அறிந்தாள். ரெகுலேற்றரில் மூன்று வகை இருக்கிறதாம். அவர் இன்னும் யோசிக்கிறார்.