இடது பக்கம் நலம்

கோட்டைமேடு,
கோயமுத்தூர்.

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் முகமது யூசுப் அவர்களுக்கு, உங்கள் தங்கை மெஹராஜின் கணவன் அமீர் ஹம்சா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். வால்பாறை மழையில் நீங்களும் குடும்பத்தாரும் மளிகைக் கடையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க துஆ செய்கிறேன். இங்கே இடது பக்கம் நலம். வலது பக்கம் குறித்தே இக்கடிதம்.

எழுத்து கோழி கிளறியது போல இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். பேனாவில் துணி சுற்றி, வலது கையால் தினம் ஐந்து வரி எழுத வேண்டுமென்பது பிசியோதெரபி செய்ய வரும் சைத்ராவின் உத்தரவு. என்ன எழுதுவதென்று கேட்டேன். "மனசுல இருக்கறத எழுதுங்க அங்கிள்" என்றது அந்தப் பெண். மனதில் இருப்பது முழுக்க அந்தப் பெண்ணைப் பற்றித்தான்.

நான்கு மாதத்துக்கு முன் கடையில் பெட்ஷீட் கட்டைத் தூக்கியவன் பக்கவாதம் வந்து அப்படியே சரிந்ததும், பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் நீங்கள் வந்து பார்த்ததுதான். வீட்டுக்கு வந்தபின் நடப்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். காலை ஏழு மணிக்கு சைத்ராவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே என் இடது காலும் சேர்ந்து நடுங்குகிறது. உட்கார், எழு, உட்கார், எழு. சுவரைப் பிடித்துக் கூடத்தில் ஆறு சுற்று. பிறகு நாற்பது கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாக விரலால் பொறுக்கி ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். முப்பத்தேழு மாற்றியதும் கை உதறி, கிண்ணமே கவிழ்ந்து, மறுபடி முதலிலிருந்து. ஒரு மணி நேரம் வியர்வை சிந்தி மாற்றியதை மாலையில் மெஹராஜ் சுண்டல் செய்துபோட்டாள். "ஊற வெச்சது வீணாப் போயிருமுங்க" என்கிறாள். நான் ஊற வைக்கவில்லை, மச்சான். அது என் வியர்வை.

இதுவாவது பரவாயில்லை. போன வாரம் புதிதாக ஒன்று. நல்ல கை வேலை செய்தால் கெட்ட கை சோம்பேறியாகிவிடுமாம். அதனால் இடது கையைப் பழைய சாக்ஸுக்குள் நுழைத்து, மணிக்கட்டில் துணி சுற்றி, தினம் ஐந்து மணி நேரம் கட்டிவைக்கிறார்கள். குற்றம் செய்த கை வெளியே திரிகிறது, உழைத்த கைக்கு ஜெயில். அன்றைக்கென்று பக்கத்துக் கடை அப்துல் வஹீது எட்டிப் பார்த்தார். என் இடது கையைப் பார்த்தார், மெஹராஜைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் "ஹம்சா பாய்க்கு இன்னொரு பக்கமும் போயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டார். மக்ரிப் தொழுகைக்குள் வீடு நிறைய ஆட்கள். யாரோ பிரியாணியே கொண்டுவந்துவிட்டார்கள். "கை நல்லாத்தான் இருக்குதுங்க, இவங்கதான் கட்டி வெச்சிருக்காங்க" என்று நான் கத்தினேன். எல்லோரும், புத்தியும் போய்விட்டது பாவம் என்பது போல மெல்லத் தலையாட்டினார்கள். வஹீது தன் கையால் எனக்கு ஒரு வாய் ஊட்டினார். மறுக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மச்சான், சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. நான்கு மாதமாக இடது கையால் சாப்பிடுகிறேன். அதனாலேயே யார் வீட்டு விருந்துக்கும் போகவில்லை. மறுநாள் மதியம் வலது கையால் சோற்றைப் பிசைந்து வாய்வரை கொண்டுபோனேன். அத்தனையும் மடியில் விழுந்தது. மெஹராஜ் ஜன்னல் பக்கம் திரும்பி, இல்லாத காக்காயை விரட்டினாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த நாள் சைத்ராவிடம் நேராகவே கேட்டேன், இந்தக் கை வருமா வராதா என்று. "தெரியலைங்க அங்கிள்" என்றது. "பொய் சொல்ல மாட்டேனுங்க. ஆனா கட்ட அவுத்துப்போட்டா வரவே வராதுங்க."

தெரியாதாம்! தெரியாத விஷயத்துக்கா தினமும் இந்தப் பாடு? கடைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் வாசல்படி இறங்கட்டும் என்கிறார்கள். எனக்குப் படியைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. இந்தக் கால் இனி தெருவைப் பார்க்காது. ஆகவே வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து, வைத்தியம் பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொல்லி என்னை வால்பாறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி சைத்ராவின் ஸ்கூட்டர் வராது. ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அது போதும்.

பெரியவர்களுக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு என் துஆ. அல்லாஹ் உங்களுக்கு இரு பக்கமும் சமமாக பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
அமீர் ஹம்சா

பின்குறிப்பு: இதை மட்டும் தெருமுனைத் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்படியொரு கடிதத்தை வீட்டில் யாரிடம் கொடுத்துப் போடச் சொல்வது? மெஹராஜ் குளிக்கப் போன நேரம் பார்த்து, கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பிடிபடக்கூடாதென்ற அவசரத்தில் படி மூன்றையும் எப்படி இறங்கினேனென்று ஞாபகமில்லை. தெருமுனை வந்து, மூச்சு வாங்கித் திரும்பினால், பத்தடி பின்னால் உங்கள் தங்கை. ஈரத்தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் நாற்காலியோடு நிற்கிறாள். வாசலிலிருந்தே பின்னால் வந்திருக்கிறாள், ஒரு சத்தம் போடாமல். "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். கடிதத்தில் என்ன என்று கேட்டாள். அண்ணனை நலம் விசாரித்திருக்கிறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த முறை ஜன்னலுமில்லை, காக்காயுமில்லை. அழுகிறாள் என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வர வேண்டாம், மச்சான். கடிதத்தைக் கிழித்துப்போடலாம்தான். ஆனால் எட்டு நாள் உழைப்பு. அதுவுமில்லாமல் இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டுப் போடாமல் திரும்ப மனம் வரவில்லை. படித்ததும் நீங்களே கிழித்துவிடுங்கள். மெஹராஜ் போனில் கேட்டால், நலம் விசாரித்திருந்தார் என்று மட்டும் சொல்லுங்கள்.