தலை ஆடிக்குத் தப்பிய கொண்டைக்காரி

சளி பிடித்த ஒரு கோழியை என் மடியில் வைத்தபோதுதான், அதுவரை உயிருள்ள எந்தக் கோழியையும் நான் தொட்டதே இல்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நாமக்கல்லில் கோழி மருந்து விற்றுக்கொண்டிருப்பவனாக இருந்து பார்த்தால் தெரியும்.

பி.காம். முடித்துவிட்டு, பண்ணைகளுக்கு மருந்து விற்கும் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்திருந்தேன். பண்ணை ஆபீஸில் உட்கார்ந்து டீ குடிப்பேன், ஆர்டர் வாங்குவேன், கிளம்புவேன். நோய் தொற்றிவிடும் என்று வெளியாட்களைக் கொட்டகைக்குள் விடமாட்டார்கள். (அந்த விதியை ஏற்படுத்தியவர் நன்றாக இருக்க வேண்டும்.) பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர், "மாப்ள கோழிக்கு வைத்தியம் பாக்கறவருங்க" என்று ஒரே போடாகப் போட்டார். மறுத்துப் பேசியிருக்க வேண்டியவன் நான்தான். ஆனால் அப்போது என் வாய் நிறைய மிக்சர் இருந்தது.

கல்யாணமாகி முதல் ஆடி வந்தது. எங்கள் பக்கம் புது மாப்பிள்ளைக்குத் தலை ஆடி விருந்து என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. அதற்குச் சில நாள் முன்பு சேந்தமங்கலத்திலிருந்து மாமனார் போன் செய்தார்.

"ஏனுங்க மாப்ள, நம்ம கொண்டைக்காரிக் கோழிக்கு நெஞ்சு கொர்ரு கொர்ருங்குதுங்க. கண்ணுல தண்ணி ஊத்துது. வாயத் தொறந்து தொறந்து மூச்சு உடுது. ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா?"

"பயப்படாதீங்க மாமா, வாரேன்" என்றேன். என் குரலில் அப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியே இருந்தது.

பக்கத்தில் நின்ற என் மனைவி கவிதா கேட்டாள்: "ஏனுங்க, உங்களுக்குக் கோழியப் புடிக்கத் தெரியுமா?"

"இதென்ன கேள்வி?"

"தெரியுமான்னுதானுங்க கேட்டேன்."

நான் வண்டியை எடுத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் எனக்கு நாற்காலி போட்டிருந்தது. தெருவில் பாதிப் பேர் வைத்தியத்தை வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். தலையில் பூ வைத்தாற்போல் கொண்டையுள்ள கரும்பெட்டைக் கோழியை மாமனார் கொண்டுவந்து மடியில் வைத்தார். எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்தேன். அது தலைகீழாகத் தொங்கி, கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துக்கொடுத்த வெள்ளைச் சட்டையில் தன் அபிப்பிராயத்தைப் பதிவு செய்தது. ஒருவழியாக நிமிர்த்தி, மூக்கைப் பார்க்கலாம் என்று முகத்தருகே கொண்டுபோனேன். நேராக என் முகத்தில் தும்மியது.

"சளி" என்று அறிவித்தேன். (அது தெருவுக்கே தெரிந்த விஷயம்.)

அடுத்தது மருந்து. பையில் கம்பெனி பவுடர் இருந்தது. டப்பாவில், ஆயிரம் கோழிக்கு எவ்வளவு என்று போட்டிருந்தது. ஒரு கோழிக்கு எவ்வளவு என்று போடவில்லை. நாமக்கல்லில் ஒற்றைக் கோழி வைத்திருப்பவர்களை யார் கணக்கில் எடுத்தார்கள்? ஒரு டாக்டரைக் கேட்டிருக்கலாம். டாக்டரே நான்தான் என்று அத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் கேட்பது? ஒரு சிட்டிகை எடுத்தேன். அது கூடுதலாகத் தெரிந்தது. பாதியைத் தட்டினேன். காற்று மீதியையும் கொண்டுபோயிற்று.

அப்போதுதான் எனக்குப் பண்ணை மூளை வேலை செய்தது.

"மாமா, ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் தொத்தும். பண்ணையில ஒவ்வொண்ணாப் புடிச்சுக் குடுக்க மாட்டாங்க. குடிக்கற தண்ணியில கலந்துருவாங்க."

வாசலோரம் சிமெண்டுத் தொட்டி இருந்தது. தெருக்கோழிகள் அத்தனையும் அதில்தான் தண்ணீர் குடிக்கும். பவுடரைக் கொட்டி, குச்சியால் கலக்கினேன். தண்ணீர் மஞ்சளாக மாறியதும் கூட்டத்தில் ஒரு மரியாதை தெரிந்தது.

"டாக்டருங்க, எங்கூட்டுச் சேவலும் ஒரு வாய் குடிக்கட்டுங்களா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"தாராளமாக் குடிக்கட்டும்" என்றேன். ஊரே வாரி வழங்கும் வள்ளலைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தது. அன்று மாலைக்குள் வேலி தாண்டி வந்தும் கூடையில் ஏறி வந்தும் எல்லாக் கோழிகளும் குடித்துவிட்டுப் போயின. விறகடுப்புப் பக்கம் கிடந்த கொண்டைக்காரியின் கூடையைப் புகையில்லாத காற்றோட்டமான இடத்துக்கு மாற்றச் சொன்னேன். பின்னர் அது பிழைத்தது மருந்தாலா, புகையிலிருந்து தப்பியதாலா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆடி முதல் நாள் மறுபடி போனோம். கொண்டைக்காரி மூச்சு வாங்காமல் ஓடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் பிள்ளைகள் ஆடி வழக்கப்படி தேங்காயைக் குச்சியில் செருகிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ராசிபுரத்திலிருந்து மாமனாரின் அண்ணன் குடும்பத்தோடு வந்து, தம்பி மாப்பிள்ளையை எப்படிக் கவனிக்கிறான் என்று பார்க்கவே திண்டில் சாய்ந்திருந்தார். மாமனாரின் கௌரவமே அன்றைய இலையில்தான் இருந்தது.

மாமியார் என்னிடம் நேராகப் பேசமாட்டார். உள்ளேயிருந்து கவிதாவுக்குச் சொல்வதுபோல் குரல் வந்தது: "மாப்ளைகிட்டக் கேளு சாமி, வறுவலா, கொழம்பா?"

"எதுங்க?" என்றேன்.

மாமனார் கொண்டைக்காரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "இதேனுங்க இப்படிக் கேட்டுட்டீங்க? நிச்சயம் முடிஞ்ச நாள்லருந்து உங்க தலை ஆடிக்குன்னே உட்டு வெச்சதுங்க. நீங்க பொழைக்க வெச்சீங்க, நீங்களே சாப்புடுங்க!"

எனக்குச் சட்டென்று உறைத்தது. மருந்து கொடுத்த கோழியைக் குறைந்தது ஒரு வாரமாவது கறிக்கு எடுக்கக்கூடாது என்று பண்ணை பண்ணையாகப் போய் ஒப்பித்தவன் நான். அது அத்தனையும் கோழி முகத்தில் தும்மியபோது மறந்துவிட்டது. சும்மா இருந்துவிடலாமா? சொன்னால் டாக்டர் பட்டம் போகும், மாமனார் மானமும் சேர்ந்து போகும். தேங்காய்க் குச்சியைத் திருப்பிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தேன்.

"மாமா, அதச் சாப்புடக் கூடாதுங்க. மருந்து குடுத்திருக்குது."

"செரி, நம்மூட்டுச் சேவலு?"

"அதுவும் தொட்டியில குடிச்சுதுங்க."

"பக்கத்தூட்டுல ஒரு பொட்டை கேட்டா…"

"அதுவுந்தானுங்க."

வேலிக்கு அந்தப்புறம் கத்தி தீட்டும் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். சற்று நேரத்தில் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. ஆடிக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோழிக்கு நாள் குறித்து வைத்திருந்தார்கள். அத்தனை கோழிக்கும் நான் உயிர்ப்பிச்சை கொடுத்திருந்தேன்.

"கடையில பிராய்லர் வாங்கியாரட்டுங்களா?" என்றேன்.

"தலை ஆடிக்கு மாப்ளைக்கு பிராய்லர் போட்டான்னு ஊர் பேசோணுமாக்கும்?" என்றார் மாமனார்.

"நம்ம கோழி முட்டையாச்சும் போடலாமான்னு கேளு சாமி" என்றது உள்ளேயிருந்த குரல்.

"முட்டையும்… ஆகாதுங்க."

திண்டில் சாய்ந்திருந்த பெரிய மாமனார் எழுந்து உட்கார்ந்தார். "நாமக்கல் ஜில்லாவுல ஒரு முட்டை கூட இல்லாம மாப்ள விருந்து நடக்கற ஊடு இது ஒண்ணாத்தானப்பா இருக்கும்!"

கவிதாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அப்பா, இவரு டாக்டரே இல்லீங்க. மருந்து விக்கறவரு."

நான் தரையைப் பார்த்தேன். மாமனார் கொண்டைக்காரியைக் கீழே விட்டார். "தெரியுஞ்சாமி. அன்னைக்குக் கோழியத் தலகீழாப் புடிச்சாரு பாரு, அப்பவே தெரிஞ்சுது."

தெருவே அன்று பருப்பும் ரசமும் சாப்பிட்டது. எனக்கு மட்டும் கூடுதலாகச் சுட்ட தேங்காய் இரண்டு துண்டு கிடைத்தது. ஒரு வாரம் கழித்துக் கொண்டைக்காரி அடையில் உட்கார்ந்தாள். அப்புறம் குஞ்சு, மறுபடி அடை. கடைசியில் 'மாப்ளை கோழி' என்று பேர் விழுந்து, கை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. மற்ற எவரையும் கொத்தாத அவள், என்னைக் கண்டால் மட்டும் விரட்டி விரட்டிக் கொத்துவாள்.

மாமியார் இன்றும் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. இலை போட்டதும், "மாப்ளைகிட்டக் கேளு சாமி, கத்திரிக்காய்க்கு ஏதாச்சும் மருந்து போட்டிருக்காரான்னு" என்பார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் வண்டி அந்தத் தெருவுக்குள் திரும்பும்போதெல்லாம் யாராவது ஒருவர் குரல் கொடுத்துவிடுகிறார்:

"டாக்டர் வாராருங்கோ, தொட்டிய மூடுங்க!"