எக்ஸ்எல் சைஸில் ஒரு ரகசியம்

ஜெர்மனி கம்பெனிக்கு ரேட் அனுப்ப அதுதான் கடைசி வாரம். மெயிலில் மட்டும் அனுப்பக் கூடாது என்று மயில்சாமி சொல்லிவிட்டார்.

வேலம்பாளையத்தில் இருந்த அவருடைய பனியன் கம்பெனியில் ஆர்டர் விவகாரங்களைப் பார்ப்பவள் சித்ரகலா. 2008 குளிர்கால ஆர்டரும் கைவிட்டுப் போனால் பாதி கம்பெனியை மூடுவார்கள். அவள் நாற்காலி அந்தப் பாதியில்தான் இருந்தது. போன இரண்டு ஆர்டர்களையும் போட்டிக் கம்பெனிக் கந்தப்பன் பத்தே பைசா குறைத்துப் போட்டு அடித்துக்கொண்டு போயிருந்தார்.

"நம்ம மெயிலைத் திருடறான் அம்மணி," என்றார் மயில்சாமி. கோயமுத்தூரில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்ச் சாப்பிட்டு வந்ததிலிருந்து அவர் பேச்சில் குவாண்டம் கலந்திருந்தது. "எந்தப் பூட்டையும் உடைக்கற குவாண்டம் கம்ப்யூட்டர் வருது."

"இன்னும் வரலைங்களே சார்."

"இன்னைக்குப் போற மெயிலை எடுத்து வச்சிருந்து, மெசின் வந்தப்புறம் படிப்பான்."

"பத்து வருசம் கழிச்சு நம்ம பனியன் ரேட்டைப் படிச்சு என்ன பண்ணுவானுங்க?"

"இப்படிச் சொன்னவங்கதான் எல்லாரும் ஏமாந்தாங்க."

முதலில் மெயிலைப் பூட்டும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கினார். ஜெர்மனியில் அது திறக்கவில்லை, பாஸ்வேர்டு கேட்டார்கள். சித்ரகலா அதை அடுத்த மெயிலிலேயே அனுப்பிவைத்தாள். மயில்சாமி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ரேட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

சாஃப்ட்வேர் விற்றவர் வேறு வழி சொன்னார். ரேட்டின் ஒவ்வோர் எண்ணோடும் ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி மெயிலில் அனுப்ப வேண்டும். ரகசிய எண்கள் தனியாகப் போக வேண்டும். அதை எந்த மெசினும் உடைக்காது.

"தாள்ல எழுதிக் கூரியர்ல போட்டரட்டுங்களா?"

"கூரியர்காரன் ஜெராக்ஸ் எடுத்துருவான். சாம்பிள் பனியனை எவன் பார்க்கறான்? நெஞ்சுல அடிச்சு உடு."

பிரிண்டிங் பட்டறைச் சென்னியப்பன் பனியனை அடித்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு கரடி சிரித்தது.

"வெறும் நம்பரு மொட்டையா இருந்துச்சுங்க. அதான் ஒரு கரடி போட்டு உட்டேன்."

"ரெண்டு நம்பர் மேல உக்காந்திருக்குதுங்களே?"

"குட்டிக் கரடிதானுங்க."

திரும்ப அடிக்க நேரமில்லை. ரகசிய எண்ணைக் கூட்டிய ரேட் மெயிலிலும், பனியன் அப்படியே கூரியரிலும் போயின. 'கரடிக்கு அடியில் 7, 2' என்று மயில்சாமி தன் கையாலேயே மெயில் தட்டினார். குவாண்டமே வந்தாலும் இதற்கு முழிக்கும் என்றார்.

பனியன் போய்ச் சேர்ந்ததும் பதில் வந்தது. ரேட் தெளிவாகப் புரிந்ததாம். மயில்சாமி கம்பெனி முழுக்க ஜிலேபி கொடுத்து, தகவல் பாதுகாப்பைப் பற்றி நின்றபடியே ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். சித்ரகலா பல நாள் கழித்து நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சென்னியப்பன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"கந்தப்பண்ணன் அனுப்புனாருங்க. ஜெர்மனிக்காரங்க எப்பவும் போல உங்க ரேட்டை அவருகிட்டச் சொல்லி, பத்துப் பைசா கொறைச்சுக்கிட்டு ஆர்டரைக் குடுத்துட்டாங்களாம். கரடிப் பனியன் போட்டோவும் அனுப்பி, அதுலயே அம்பதாயிரம் பீஸ் கேட்டிருக்காங்க. அதை அடிச்ச ஸ்கிரீன் நம்ம பட்டறையிலதான் கெடக்குது. நம்பரை மாத்தாம அப்படியே அடிச்சுக்கட்டுங்களா?"