சம்மாட்டி என்னை உதைக்கவில்லை

பின்னால் இருந்து ஒருவர் உதைத்தால், உதை வாங்கியவனுக்கு அது சந்தேகமில்லாமல் தெரியும் என்று நாற்பத்திரண்டு வயதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான், என் தங்கச்சியைத் தன் மகனுக்குப் பேசி முடித்து அரை மணித்தியாலம்கூட ஆகாத ஒரு கண்ணியமான மனிதரிடம், அவருடைய வீட்டு வாசலிலேயே, அவருடைய சொந்தக்காரர் இருபது பேர் பார்த்திருக்க, "என்னத்துக்கு எனக்கு உதைச்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் உதைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். போகப் போக நானே குழம்பிவிடுவேன்.

யுத்தம் முடிந்து நான்கைந்து வருடங்கள் ஆகியிருந்தன. நான் புத்தளத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளன். சிங்களத்தில் வரும் கடிதம் என் மேசையில் தமிழாகும், தமிழில் வருவது சிங்களமாகும். இரண்டு மொழியிலும் எனக்குத் தெரியாத சொல் கிடையாது என்று மனைவி பௌசியாவிடம் அடிக்கடி சொல்வேன். அவள் "ஓம்" என்பாள். (அவள் சொல்லும் அந்த ஓமை மட்டும் என்னால் எந்த மொழிக்கும் பெயர்க்க முடிந்ததில்லை.)

வாப்பா மௌத்தான பிறகு தங்கச்சி நஸ்ரினுக்கு நான்தான் வலி. அதாவது நிக்காஹ்வில் பெண்ணை ஒப்படைக்க வேண்டிய பொறுப்பாளன். (அரபியில் அது பொறுப்பாளன். தமிழில் என்ன அர்த்தம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.) அவளுக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு சம்பந்தங்கள் வந்து தட்டிப்போயிருந்தன. மூன்றாவது கற்பிட்டியில் இருந்து வந்தது. மாப்பிள்ளை இர்ஷாத், படகு எஞ்சின் திருத்துபவர். அவருடைய வாப்பா காதர் சம்மாட்டி, நாலு படகு வைத்து மீன் தொழில் செய்பவர். போட்டோவைப் பார்த்த நஸ்ரின் "சரி நானா" என்றாள். முந்திய இரண்டுக்கும் அவள் "உங்கட விருப்பம்" என்றுதான் சொல்லியிருந்தாள். அந்த வித்தியாசம் எனக்குக்கூடப் புரிந்தது.

கற்பிட்டிக்குப் போய்ப் பேச நாள் குறித்திருந்தோம். அதற்கு முந்திய கிழமை, தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது நாங்கள் விட்டுவிட்டு வந்த முசலிக் காணியைப் பார்த்து வரலாம் என்று எலுவன்குளத்துக் காட்டுப் பாதையால் மோட்டார் சைக்கிளில் போனேன். காணியில் முள்ளுப் பற்றை இருந்தது. வழி நெடுக மழை இருந்தது. இருமலும் இழுப்புமாகத் திரும்பி வந்தேன்.

டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, 'ப்ளொக்சசின்' என்று முடிகிற பெயருள்ள பெரிய குளிசை பத்து நாளைக்கும், இழுப்புக்குச் சின்னக் குளிசை கொஞ்சமும் எழுதினார். ஏதேதோ விளக்கமும் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் "ஓம் ஓம்" என்று தலையாட்டிவிட்டு, "இறால் சாப்பிடலாமா டொக்டர்?" என்று கேட்டேன். அடுத்த கிழமை சம்மாட்டி வீட்டில் சாப்பாடு அல்லவா?

நாலாம் நாள் இருமல் பறந்துவிட்டது. ஆனால் காலையில் எழும்பி நடக்கும்போது குதிக்காலுக்கு மேலே, பின்பக்கம், ஒரு நோ. பேச்சுக்குப் போக என்று வாங்கிய புதுச் செருப்பில் பழியைப் போட்டேன்.

"டொக்டருக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்களே" என்றாள் பௌசியா.

"நெஞ்சு பாத்த டொக்டருக்கிட்டப் போய்க் குதிக்காலத் தூக்கிக் காட்டச் சொல்றியா?"

"ஓம்" என்றாள்.

நான் போகவில்லை. ஆறாம் நாள் வேன் பிடித்துக் கற்பிட்டிக்குப் போனோம்.

காதர் சம்மாட்டி உயரமான, வெள்ளைத் தாடிக்காரர். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லையாம். எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய தாலமான சஹனில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய இறாலாகப் பார்த்து என் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தார். நிக்காஹ்வுக்கு நாள் முடிவானது. நஸ்ரின் குனிந்த தலையோடு சிரித்ததை நான் பார்த்தேன். எல்லாம் அவ்வளவு நன்றாகப் போனபோது பேசாமல் வேனில் ஏறியிருக்க வேண்டியதுதான். வேன் மணலில் புதைந்துவிட்டது.

பெண்கள் இறங்குகிறோம் என்றார்கள். "தேவையில்ல, இருங்க" என்றேன். சம்மாட்டி, "தம்பி, நீங்க நில்லுங்க, எங்கட ஆக்கள் தள்ளுவாங்க" என்றார். பெண் வீட்டுக்காரன் என்றால் கைகட்டி நிற்பவன் என்று நினைத்துவிட்டாரா? கைச்சட்டையை மடித்துக்கொண்டு வேனின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்தேன். வலது காலை மணலில் ஊன்றி, பிஸ்மி சொல்லி, ஒரு உந்து உந்தினேன்.

'டப்!'

ஈரக் கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம். அந்த நொடியே, சப்பாத்துப் போட்ட ஒருவன் முழுப் பலத்தோடு என் வலது குதிக்காலுக்கு மேல் உதைத்தான். வேன் முன்னால் பாய்ந்தது. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கிறேன், எனக்கு நேர் பின்னால் தள்ளுவதற்கு வந்த காதர் சம்மாட்டி ஒரு காலை முன்னால் வைத்தபடி நிற்கிறார். அவரைத் தவிர அந்தப் பக்கத்தில் ஒரு கோழிகூட இல்லை.

"என்னத்துக்கு எனக்கு உதைச்சீங்க?"

சம்மாட்டி மிரண்டு போய், "நானா?" என்றார்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல். எங்கள் பேச்சில் அண்ணனுக்கும் 'நானா' என்றுதான் சொல்வோம். வேன் ஜன்னலால் தலையை நீட்டிய பௌசியாவின் காதில் விழுந்தது அந்த நானா. மாப்பிள்ளையின் நானாவான ரியாஸ்தான் உதைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டாள்.

"அல்லாஹ்வே! ரியாஸ் நானா எங்கட ஆளுக்கு உதைச்சிட்டாரு!"

வேனுக்கு முன்னால் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்த ரியாஸ் கயிற்றோடு ஓடிவந்தார். "நானா? நான் முன்னுக்கெல்லவா நின்ட? என்ட கால் என்ன அவ்வளவு நீளமா?"

"அவர் இல்ல, இவர்!" என்று சம்மாட்டியின் தாடிக்கு நேரே விரலை நீட்டினேன்.

சம்மாட்டி குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். "தம்பி, என்ட கால் படல்லியே..." என்றவர், கொஞ்சம் பொறுத்து, "பட்டுச்சா?" என்று என்னையே கேட்டார்.

"பட்டுச்சாவா? எரும உதைச்ச மாதிரி இரிக்கி!"

என்னைத் தூக்கி வேனில் போட்டார்கள். பாலாவிச் சந்தி தாண்டியதும் நஸ்ரின் மெதுவாகச் சொன்னாள். "அவர் உதைச்சிருந்தாக்கூட நீங்க கேட்டிருக்கப்படாது நானா."

உதையைவிட அது எனக்கு நொந்தது.

அன்றைக்கே முறிவு வைத்தியர் ஒருவர் வந்து, "உளுக்கு" என்று எண்ணெய் போட்டுக் கட்டினார். காலில் அடிபட்ட அடையாளத்தைத் தேடினேன். கன்றிய தடமோ கீறலோ எதுவுமில்லை. உதைத்த அடையாளம் இல்லாமல் எப்படி ஒரு மனிதர் உதைப்பார்? வயதானவர், உதைத்துப் பழக்கப்பட்ட கால் போலும் என்று நினைத்தேன். நடந்தால் பாதம் தட்டையாகச் சப் சப் என்று விழுந்தது. நுனிக்காலில் எழும்பவே ஏலவில்லை. நெஞ்சுக் குளிசையை மட்டும் நேரம் தவறாமல் குடித்தேன். அரைவாசியில் நிப்பாட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். டொக்டர் சொன்னவற்றில் எனக்கு ஞாபகமிருந்தது அது ஒன்றுதான்.

கற்பிட்டியில் இருந்து நாலு நாளாக ஒரு போன் இல்லை. நஸ்ரின் போனைச் சமையலறைக்கும் கொண்டு போனாள், கிணற்றடிக்கும் கொண்டு போனாள். என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், உதை வாங்கியவன் எதற்கு மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு விளங்கவில்லை.

நாலாம் நாள் பௌசியா என்னைச் சிலாபம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இளம் டொக்டர் ஒருவர், சிங்களப் பெண், என்னைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னார். சந்தையில் பலகை மேல் கிடக்கும் பாரை மீன் போலக் கிடந்தேன். இடது கெண்டைக்காலை அமுக்கினார். பாதம் தானாக அசைந்தது. வலதை அமுக்கினார். பாதம் எனக்குச் சொந்தமில்லாதது போலத் தொங்கியது.

"இந்த நாட்களில் என்ன மருந்து குடித்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அது நெஞ்சுக்கு, மிஸ். கால் விசயம் வேற" என்றேன். என் ஒழுங்கைக் காட்டுவதற்காகச் சட்டைப் பையில் இருந்த அட்டையையும் எடுத்து நீட்டினேன். "பாருங்க, ஒன்றுதான் மிச்சம். இரவைக்குக் குடித்தால் முடிந்துவிடும்."

டொக்டர் அட்டையைப் படித்தார். அந்தக் கடைசிக் குளிசையைத் தன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். பிறகு சொன்னதை நான் இரண்டு தரம் கேட்டேன். இந்த வகைக் கிருமி மருந்து சிலருக்கு, ஆயிரத்தில் யாரோ ஒருவருக்கு என்றாலும், குதிக்காலைக் கெண்டைக்காலோடு கட்டி வைத்திருக்கிற 'கண்டராவ'வைப் பலவீனமாக்கும். இழுப்புக்குக் கொடுக்கிற சின்னக் குளிசையும் சேர்ந்தால் அந்த ஆபத்துக் கூடும். ஓர் உந்து உந்தினால் அறுந்துவிடும்.

"முதலில் பின்னங்காலில் நோ இருக்கவில்லையா? அப்படி வந்தால் உடனே வந்து காட்டச் சொல்லி உங்கள் டொக்டர் சொல்லவில்லையா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சொல்லியிருந்தார். இறாலுக்கு முன்னால் சொன்ன கடைசி விசயம் அதுதான்.

"மிஸ், ஆனால் ஒருவர் எனக்கு உதைத்தாரே..."

டொக்டர் சிரித்தார். "இது அறுந்து வருகிற எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். திரும்பிப் பார்த்து, யார் அடித்தது என்று தேடுவார்கள். நல்ல வேளை, உங்களுக்குப் பின்னால் யாரும் இருக்கவில்லைத்தானே?"

பின்னால் நின்றவர் யார் என்று பௌசியா சொன்னாள்.

கத்தி வைக்கத் தேவையில்லை என்று பெரிய டொக்டர் முடிவு செய்தார். பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்து முழங்கால்வரை பிளாஸ்டர் போட்டார்கள். வீடு வரும் வழியெல்லாம் எனக்கு இரண்டு கவலை. ஒன்று, சம்மாட்டியின் முகத்தில் எப்படி முழிப்பது. மற்றது, 'கண்டராவ' என்ற சிங்களச் சொல்லுக்குத் தமிழ் என்ன. பன்னிரண்டு வருடம் மொழிபெயர்த்தவனுக்கு அந்தச் சொல் ஒரு கடிதத்திலும் வந்ததில்லை. (தசைநாண் என்று பிறகு அகராதி சொன்னது. அதைச் சொன்னாலும் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.)

முதல் கவலைக்கு வழியில் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால், முன் கதிரையில் காதர் சம்மாட்டி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு கூடை இறால். நஸ்ரின் உள்வாசல் திரைக்குப் பின்னால் நிற்பது, கீழே தெரிந்த காலில் விளங்கியது. என் பிளாஸ்டரைக் கண்டதும் சம்மாட்டி எழும்பிவிட்டார்.

"யா அல்லாஹ், முறிஞ்சே பெய்த்தா! தம்பி, நாலு நாளா எனக்கு நித்திர இல்ல. யோசிச்சி யோசிச்சிப் பாக்கிறன். தள்ளக்குள்ள என்ட வலது கால் மணலில வழுக்கின மாதிரித்தான் இரிக்கி. நான்தான் உதைச்சிரிக்கன்."

"இல்ல மாமா, நீங்க உதைக்கல்ல. குளிச."

"குளிசயா?"

"ஓம். நெஞ்சுக்குக் குடிச்ச குளிச."

"நெஞ்சுக்குக் குடிச்ச குளிச குதிக்காலுக்கு எப்பிடிப் போன?"

இந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது. "போயிட்டு மாமா. போய் அங்க உள்ளத அறுத்திட்டு."

"நரம்பையா?"

"நரம்பில்ல மாமா. கண்டராவ."

"ஓம் மாமா" என்றாள் பௌசியா. "அந்தக் கண்டறாவியத்தான் நாங்க நாலு நாளாப் பாத்துக்கிட்டு இரிக்கிறம்."

திரைக்குப் பின்னால் நஸ்ரின் சிரித்துவிட்டாள். நாலு நாளைக்குப் பிறகு. நானும் சிரித்தேன். சம்மாட்டி சிரிக்கவில்லை. அவருடைய கண் கலங்கியிருந்தது. இரண்டு கையாலும் என்னைக் கட்டிப்பிடித்தார்.

"என்ட பிழைய மறைக்கிறத்துக்கு இப்பிடி ஒரு கதையக் கட்டுறீங்களே தம்பி! வேற ஆளா இருந்தா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருப்பான். இப்பிடிப்பட்ட குடும்பத்தில பொண்ணெடுக்க நாங்க குடுத்து வச்சிரிக்கணும்."

"மாமா, உண்மையாவே குளிச..." என்று தொடங்கினேன். திரை ஒரு விரல் அளவு விலகியது. நஸ்ரினின் ஒற்றைக் கண் தெரிந்தது. அந்தக் கண், இன்னும் ஒரு சொல் சொன்னால் மற்றக் காலையும் பிளாஸ்டர் போட வேண்டி வரும் என்று தெளிவாகச் சொல்லியது. மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

குறித்த நாளில் நிக்காஹ் நடந்தது. எல்லாரும் பாயில் இருக்க, நான் மட்டும் கதிரையில் இருந்து, காலை முக்காலியில் நீட்டி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து என் தங்கச்சியை ஒப்படைத்தேன். என் பிளாஸ்டரில் யாரும் இடித்துவிடாமல் நிக்காஹ் முடியும்வரை சம்மாட்டி காவலுக்கு நின்றார்.

கால் சரியாக மாதங்கள் போயின. இன்றைக்கும் மாடிப்படி ஏறும்போது வலது கால் கொஞ்சம் பிந்தித்தான் வரும். எந்த டொக்டரிடம் போனாலும் நான் வாயைத் திறக்க முன்னமே பௌசியா, "டொக்டர், இவருக்கு அந்தக் கண்டறாவிக் குளிச மட்டும் வேணாம்" என்பாள். பிறகு அதை ஒழுங்கான பாஷையில் விளக்குவது என் வேலை.

சம்மாட்டிக்கு விளக்குவதைத்தான் என்னால் முடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரித் துண்டை வாசித்துக் காட்டினேன். பாமசிக்காரரைக் கொண்டு சொல்ல வைத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் தோளைத் தட்டுவார். நஸ்ரினின் பிள்ளைகளுக்கும் அந்தக் கதையைத் தானே சொல்லிக் கொடுத்திருக்கிறார். கால் எப்படி வழுக்கியது, செருப்பின் எந்தப் பக்கம் பட்டது, பட்டபோது எவ்வளவு மெத்தென்று இருந்தது என்று அவர் அவ்வளவு விபரமாகச் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கே சில நேரம் சந்தேகம் வந்துவிடுகிறது.

போன பெருநாளைக்கும் கற்பிட்டிக்குப் போயிருந்தோம். வீடு நிறைய ஆட்கள். சம்மாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உதைச்ச உதைய இந்த மனுசன் ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்ல. தம்பி, அல்லாஹ் உங்கட பொறுமைக்குக் கூலி தருவான்" என்றார்.

முந்தி என்றால் மறுபடியும் குளிசையில் இருந்து தொடங்கியிருப்பேன். இந்தத் தரம் "ஆமீன்" என்று சொல்லிவிட்டு, சஹனுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.